திரையோடு நின்றுவிடும் மில்லிங் மெஷின்: வாசகர் கேள்வி பதில்

இம்முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே இடத்தில் வந்து நிற்கின்றன. கணினியால் இயங்கும் மில்லிங் மெஷினில் குறையில்லை, மோட்டார்களில் குறையில்லை. ஆனால் அவற்றை இயக்கும் மென்பொருள் காலையில் திறக்க மறுக்கிறது, அல்லது திறந்த கையோடு ஒரு பிழைச் செய்தியைக் காட்டி நின்றுவிடுகிறது. பதில்களுக்குள் போகுமுன் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். வேறுவிதமாகச் சொல்லியிருந்தாலன்றி, கீழே வரும் சோதனைகளை மோட்டார்களுக்கும் வெட்டும் கருவியைச் சுழற்றும் ஸ்பிண்டிலுக்கும் போகும் மின்சாரத்தை நிறுத்திவிட்டு, கணினியை மட்டும் இயக்கிச் செய்யுங்கள். தொடங்காத மென்பொருள் நம் பொறுமையைத்தான் சோதிக்கும். நாம் வயரைத் தொட்டுக்கொண்டிருக்கும்போது எதிர்பாராமல் தொடங்கிவிட்டால் விரலைச் சோதித்துவிடும்.

கேள்வி: பழைய கணினி பழுதாகிவிட்டதால் புதிய கணினி ஒன்றை வாங்கி, அதில் இயந்திரத்தை இயக்கும் மாக்-3 மென்பொருளை நிறுவினேன். திறந்தவுடன் ‘டிரைவர் கிடைக்கவில்லை அல்லது நிறுவப்படவில்லை’ என்ற பொருளில் ஒரு செய்தி வருகிறது. டிரைவர் பழுதாகிவிட்டது என்று நினைத்து எக்ஸ் அச்சின் டிரைவரைக் கழற்றிப் புதிதாக ஒன்றை மாட்டினேன். அதே செய்திதான் மீண்டும் வருகிறது. மற்ற இரண்டு அச்சுகளின் டிரைவர்களையும் மாற்றிவிட வேண்டுமா?

பதில்: மாற்ற வேண்டாம், மாற்றியதையும் கடைக்காரர் திரும்ப எடுத்துக்கொள்வார் என்றால் கொடுத்துவிடுங்கள். டிரைவர் என்ற ஒரே சொல் பட்டறையில் மூன்று பொருள்களுக்கு ஓடுகிறது. திருகாணியைத் திருப்பும் கருவியும் டிரைவர்தான், மோட்டாருக்கு மின்னோட்டம் அனுப்பும் பெட்டியும் டிரைவர்தான், விண்டோஸுக்குள் அமர்ந்து ஒரு போர்ட்டை இயக்கும் சிறு நிரலும் டிரைவர்தான். உங்கள் திரையில் வந்த செய்தி மூன்றாவதைப் பற்றியது. மோட்டார் டிரைவர் பெட்டி இருக்கிறதா இல்லையா என்பதே மாக்-3க்குத் தெரியாது. பழைய கணினிகளில் அச்சுப்பொறியை இணைக்கும் பேரலல் போர்ட்டின் ஊசிகளில் மின் துடிப்புகளை அனுப்புவதோடு அதன் வேலை முடிந்துவிடுகிறது. அந்தத் துடிப்புகளை யார் வாங்கிக்கொள்கிறார்கள் என்று அது திரும்பிப் பார்ப்பதில்லை.

உங்கள் புதிய கணினியில் 64 பிட் விண்டோஸ் இருக்கும் என்பதை ஏறக்குறைய உறுதியாகச் சொல்லலாம். மாக்-3இன் பேரலல் போர்ட் டிரைவர் 32 பிட் விண்டோஸுக்காக எழுதப்பட்டது. 64 பிட் விண்டோஸ் 32 பிட் டிரைவர் எதையும் தன் கருவுக்குள் (கெர்னல்) அனுமதிக்காது. ஆகவே எத்தனை முறை அழித்து நிறுவினாலும், நிர்வாகி உரிமையோடு திறந்தாலும், இணக்கப் பயன்முறையை மாற்றினாலும் இந்தச் செய்தி போகாது. இந்த டிரைவர் ஏன் இவ்வளவு பிடிவாதம் பிடிக்கிறது என்று கேட்கலாம். மாக்-3 தன் இயல்பான அமைப்பில் விநாடிக்கு 25,000 முறை விண்டோஸின் கையிலிருந்து கட்டுப்பாட்டைப் பறித்து, துடிப்பு அனுப்பிவிட்டுத் திருப்பிக் கொடுக்கிறது. ஒரு சுற்றுக்கு 200 படிகள் கொண்ட ஸ்டெப்பர் மோட்டார், ஒவ்வொரு படியும் பத்து நுண்படிகளாகப் பிரியும் அமைப்பு, மேசையை நகர்த்தும் 5 மில்லிமீட்டர் புரி இடைவெளி கொண்ட பால்ஸ்க்ரூ திருகு என்று வைத்துக்கொண்டால் ஒரு மில்லிமீட்டருக்கு 400 துடிப்புகள் தேவை. 25,000 துடிப்புகளில் விநாடிக்கு 62.5 மில்லிமீட்டர், அதாவது நிமிடத்துக்கு 3,750 மில்லிமீட்டர் வரை போகலாம். இந்த ஒழுங்கைச் சாதாரண நிரலால் காக்க முடியாது என்பதால்தான் அது விண்டோஸின் அடித்தளம் வரை இறங்குகிறது.

உங்களுக்கு வழிகள் இரண்டு. 32 பிட் விண்டோஸ் எக்ஸ்பி அல்லது 32 பிட் விண்டோஸ் 7 ஓடும், உண்மையான பேரலல் போர்ட் உள்ள ஒரு பழைய மேசைக் கணினியைத் தேடிப் பிடித்து, அதை இணையத்தில் இணைக்காமல் இயந்திரத்துக்கென்றே ஒதுக்கிவிடுவது ஒன்று. துடிப்புகளைத் தானே உருவாக்கும் வெளிப்புற மோஷன் கன்ட்ரோலர் ஒன்றை யுஎஸ்பி அல்லது ஈதர்நெட் வழியாக இணைப்பது மற்றொன்று. அப்போது பேரலல் போர்ட் டிரைவரே தேவைப்படாது, அந்தக் கன்ட்ரோலருக்குரிய பிளக்-இன் கோப்பை மாக்-3இன் பிளக்-இன் கோப்புறையில் வைத்து, முதன்முறை கேட்கும்போது அதைத் தேர்ந்தெடுத்தால் போதும். நான் இரண்டாவதைத்தான் பரிந்துரைப்பேன். அச்சுப்பொறிக்கென்று விற்கும் யுஎஸ்பி–பேரலல் கேபிளை மட்டும் வாங்கிவிடாதீர்கள்: அது அச்சுப்பொறிக்கான தரவை அனுப்பத் தெரிந்த கேபிள், நேரம் தவறாத துடிப்பு அதிலிருந்து வராது.

முதல் வழியைத் தேர்ந்தெடுத்தால், மாக்-3ஐத் திறப்பதற்கு முன் அதே கோப்புறையில் உள்ள டிரைவர் டெஸ்ட் நிரலை ஓட்டிப் பாருங்கள். அதில் ஓடும் கோடு சிறு சிறு மேடுபள்ளங்களோடு ஏறக்குறைய நேராக இருந்தால் கணினி தகுதியானது. கூர்மையான முட்கள் எழும்பிக்கொண்டே இருந்தால் மென்பொருள் திறக்கும், ஆனால் வேலை நடக்கும்போது படிகள் தவறும்.

கேள்வி: நேற்று மாலை வரை ஒழுங்காக ஓடிய இயந்திரம் இது. இரவில் மின்சாரம் போய் வந்தது. இன்று காலை மாக்-3 திறக்கும் படம் ஒரு கணம் தோன்றி, எந்தச் செய்தியும் இல்லாமல் மறைந்துவிடுகிறது. மென்பொருளை நீக்கிவிட்டு மீண்டும் நிறுவலாமா?

பதில்: அந்த எண்ணத்தைச் சற்றுத் தள்ளிவையுங்கள். மீண்டும் நிறுவுவது கடைசிப் படி. அதை முதற்படியாக வைத்துக்கொள்பவர்களால்தான் எனக்கு வரும் கடிதங்களில் பாதி எழுதப்படுகிறது. மென்பொருள் எங்கே வேண்டுமானாலும் கிடைக்கும். உங்கள் இயந்திரத்தின் ஒவ்வொரு அச்சுக்கும் ஒரு மில்லிமீட்டருக்கு எத்தனை துடிப்பு, எந்த ஊசி எந்த வேலைக்கு, எந்தச் சுவிட்ச் எந்தத் திசையில் என்ற விவரங்கள் உங்கள் கணினியில் ஒரே ஒரு கோப்பில்தான் இருக்கின்றன, அதை வேறெங்கும் பதிவிறக்க முடியாது.

அந்தக் கோப்பு எக்ஸ்எம்எல் வகையைச் சேர்ந்தது. மாக்-3 கோப்புறையிலேயே உங்கள் புரொஃபைலின், அதாவது உங்கள் இயந்திரத்துக்கான அமைப்புத் தொகுப்பின், பெயரில் இருக்கும். நிரலை மூடும்போது மாக்-3 அதைப் புதிதாக எழுதுகிறது. எழுதிக்கொண்டிருக்கும்போதோ, எழுதியது வட்டில் பதிவதற்கு முன்போ மின்சாரம் போய்விட்டால் கோப்பு அரைகுறையாக நின்றுவிடும். அடுத்த முறை திறக்கும்போது மென்பொருள் அதைப் படிக்கப் பார்த்து, நடுவில் தடுக்கி விழுந்து, ஒரு வார்த்தை சொல்லாமல் மூடிக்கொள்ளும். உங்களுக்கு நடந்திருப்பது அதுவாகத்தான் தோன்றுகிறது.

சோதிப்பது எளிது. முதலில் மாக்-3 கோப்புறை முழுவதையும் ஒரு பென்டிரைவில் நகலெடுத்து வைத்துவிடுங்கள். பழுதானதாகத் தெரியும் கோப்பையும் சேர்த்துத்தான். பிறகு மாக்-3 லோடர் என்ற ஐகானின் வழியாகத் திறந்து, உங்கள் புரொஃபைலுக்குப் பதிலாக மென்பொருளோடு வந்த மாதிரிப் புரொஃபைல்களில் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். அது திறந்துகொண்டால் மென்பொருள் நலம், உங்கள் புரொஃபைல்தான் நோயாளி. அதுவும் திறக்கவில்லை என்றால் மட்டுமே மென்பொருளையோ விண்டோஸையோ சந்தேகிக்க வேண்டும். ஆன்டிவைரஸ் ஏதாவதொரு கோப்பைப் பிடித்துத் தனிமைப்படுத்தி வைத்திருக்கிறதா என்றும் அப்போது பார்த்துக்கொள்ளுங்கள்.

புரொஃபைல்தான் பழுது என்று தெரிந்தபின் கோப்பின் அளவைப் பாருங்கள். பூஜ்ஜியம் பைட் என்றோ, மற்றப் புரொஃபைல்களைவிட மிகச் சிறியது என்றோ இருந்தால் ஐயத்துக்கு இடமில்லை. மாக்-3 முந்தைய சில நகல்களைத் தானாகவே எக்ஸ்எம்எல் பேக்கப் என்ற உள்கோப்புறையில் சேர்த்து வைத்திருக்கும். அவற்றில் மின்தடைக்கு முந்தைய தேதியுள்ள, அளவு சரியாக உள்ள ஒன்றை எடுத்து, பழைய பெயரைக் கொடுத்து, இடம் மாற்றி வையுங்கள்.

திறந்துவிட்டது என்ற மகிழ்ச்சியில் உடனே வேலையைத் தொடங்கிவிட வேண்டாம். அந்த நகல் எந்த நாளையது என்பதைப் பொறுத்து, இடையில் நீங்கள் செய்த திருத்தங்கள் அதில் இல்லாமலிருக்கலாம். மோட்டார் மின்சாரத்தைக் கொடுத்து, மெதுவான வேகத்தில், மேசையில் நகர்வை அளக்கும் டயல் கேஜ் ஒன்றை வைத்து ஒவ்வோர் அச்சையும் 10 மில்லிமீட்டர் நகர்த்திப் பாருங்கள். கேஜ் 10 காட்ட வேண்டும்; 20 காட்டினால் பழைய நுண்படி அமைப்போடு வந்த நகல் அது. இது முடிந்ததும், அச்சுக்கான துடிப்பு எண்களை ஒரு தாளில் கையால் எழுதி, கன்ட்ரோல் பெட்டிக் கதவின் உட்புறத்தில் ஒட்டிவிடுங்கள். என் சொந்த இயந்திரத்தில் அப்படியொரு தாள் இல்லாத காலத்தில், ஒய் அச்சின் எண்ணைக் கண்டுபிடிக்க ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதையும் செலவிட்டிருக்கிறேன். அதிலும் முதல் விடை தவறாக இருந்தது.

கேள்வி: மென்பொருள் திறந்ததும் ரீசெட் பொத்தான் சிவப்பும் பச்சையுமாக மின்னிக்கொண்டே இருக்கிறது. அழுத்தினால் ‘வெளியிலிருந்து அவசர நிறுத்தம் கோரப்பட்டுள்ளது’ என்கிறது. இது என்ன பிழை?

பதில்: மின்னுவது பிழையே இல்லை. ஒரு நல்ல கட்டுப்பாட்டு மென்பொருள் எப்போதும் நிறுத்தப்பட்ட நிலையில்தான் எழும். மனிதர் ஒருவர் வந்து ரீசெட் அழுத்திய பிறகே இயக்கத்துக்குத் தயாராகும். அழுத்தியும் விடுபடவில்லை என்பதுதான் கேள்வி.

டயக்னாஸ்டிக்ஸ் பக்கத்துக்குப் போய், எமர்ஜென்சி என்ற பெயருள்ள விளக்கைப் பார்த்துக்கொண்டே, அவசர நிறுத்தத்துக்கான சிவப்புக் காளான் பொத்தானை அழுத்தியும் திருகி விடுவித்தும் பாருங்கள். விளக்கு உங்கள் கைக்கு ஏற்ப மாறுகிறது, ஆனால் தலைகீழாக மாறுகிறது என்றால் வயரிங் சரி, அந்த உள்ளீட்டுக்கான ‘ஆக்டிவ் லோ’ குறி (மின்னழுத்தம் தாழ்ந்தால் இயங்கியதாகக் கொள்ளும் அமைப்பு) தவறு. விளக்கு அசையவே இல்லை என்றால் வயர் விட்டிருக்கிறது, அல்லது போர்ட்டின் ஊசிகளைத் தனித்தனி வயர்களுக்குப் பிரித்துத் தரும் பிரேக்அவுட் போர்டுக்கு 5 வோல்ட் வரவில்லை, அல்லது போர்ட் முகவரி தவறு. பல இயந்திரங்களில் அவசர நிறுத்தப் பொத்தானோடு, அச்சின் ஓட்ட எல்லையில் வைக்கும் லிமிட் சுவிட்சுகளும் ஒரே சங்கிலியாக வரிசையில் இணைக்கப்பட்டிருக்கும். அப்படியானால் மேசை ஓரத்தில் ஒரு சுவிட்சை அழுத்திக்கொண்டு நிற்கிறதா என்றும் பாருங்கள். மல்டிமீட்டரை எடுப்பதற்கு முன் குனிந்து ஒருமுறை பார்த்தால் பாதி நேரம் காரணம் கண்ணில் படும். நறுக்கிய உலோகச் சீவல் ஒன்று சுவிட்சின் தலையில் சிக்கியிருக்கும்.

செய்யவே கூடாதது ஒன்று உண்டு. இயல்பில் மூடியிருக்கும் தொடர்பு கொண்ட சுற்றில் வயர் அறுந்தால் இயந்திரம் நிற்கும். அதுதான் அந்தச் சுற்றின் நோக்கம். விளக்கு அசையாத நிலையில் குறியை மாற்றியோ, இரண்டு முனைகளையும் ஒரு துண்டு வயரால் இணைத்தோ செய்தியைப் போக்கிவிட்டால், அறுந்த வயர் நல்ல வயராகத் தோன்றும். பொத்தான் இருக்கும், அழுத்தினால் எதுவும் நடக்காது.

கேள்வி: நான் லினக்ஸில் ஓடும் லினக்ஸ்சிஎன்சி என்ற கட்டுப்பாட்டு மென்பொருளைப் பயன்படுத்துகிறேன். என் கட்டமைப்பைத் திறந்தால் சில விநாடிகளில் ஒரு பெரிய அறிக்கைச் சாளரம் வந்து, கடைசி வரியில் ‘மூடிச் சுத்தம் செய்கிறது’ என்று சொல்லிவிட்டு நின்றுவிடுகிறது. அந்த வரியைத் தேடிப் பார்த்தால் ஆளுக்கொரு காரணம் சொல்கிறார்கள். மாதிரிக் கட்டமைப்பு மட்டும் திறக்கிறது. அதிலும் சில சமயம் ‘எதிர்பாராத ரியல்டைம் தாமதம்’ என்கிறது. இரண்டுக்கும் ஒரே மருந்தா?

பதில்: இரண்டும் வேறு நோய்கள். நீங்கள் தேடிய வரி, கடை மூடும்போது இறக்கும் ஷட்டரின் சத்தம் மட்டுமே. எந்தக் காரணத்தால் நின்றாலும் லினக்ஸ்சிஎன்சி அதே வரியோடுதான் விடைபெறும். அதனால்தான் ஆளுக்கொரு காரணம் கிடைக்கிறது. அறிக்கையின் மேலே போய், மென்பொருளின் உறுப்புகளையும் போர்ட்டையும் ஒன்றோடொன்று இணைக்கும் ஹால் கோப்பின் பெயரோடும் எண்ணோடும் வரும் முதல் பிழை வரியைத் தேடுங்கள். கோப்பின் பெயர், ஒரு முக்காற்புள்ளி, ஓர் எண், பிறகு ‘இந்தப் பின் (இணைப்பு முனை) இல்லை’ என்பது போன்ற ஒரு வாக்கியம் இருக்கும். அந்த எண் கோப்பில் பிழை இருக்கும் வரியின் எண். எடுத்துக்காட்டாக 12 என்றிருந்தால், உரைத் திருத்தியில் அந்தக் கோப்பைத் திறந்து 12ஆம் வரியைப் பாருங்கள். எழுத்துப்பிழை இருக்கலாம், பெரிய எழுத்து, சிறிய எழுத்து மாறியிருந்தாலும் ஹால் அவற்றை வெவ்வேறு பெயர்களாகவே கருதும்.

எழுத்தில் குறை ஒன்றும் தெரியவில்லை என்றால், அந்தப் பின்னைத் தர வேண்டிய உறுப்பை (ஹாலின் துணை நிரலை) ஏற்றும் வரி அதற்கு முன்னால் இருக்கிறதா என்று பாருங்கள். உறுப்பு ஏறவில்லை என்றால் அதன் பின்களும் இராது. பேரலல் போர்ட் பயன்படுத்துவோரிடம் இதற்கு இரண்டு காரணங்களைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். தாய்ப்பலகையிலேயே உள்ள போர்ட்டின் முகவரி வழக்கமாகப் பதினாறடி (ஹெக்ஸ்) எண்ணில் 378. பிசிஐ கார்டாகச் சேர்த்த போர்ட்டுக்கு வேறு முகவரி இருக்கும், கணினியில் செருகிய பிசிஐ கருவிகளைப் பட்டியலிடும் கட்டளையை ஓட்டி அதை அறிந்து எழுத வேண்டும். மற்றொன்று, லினக்ஸின் அச்சுப்பொறி டிரைவர் அதே போர்ட்டை முந்திக்கொண்டு பிடித்து வைத்திருப்பது. ‘கருவி வேறு வேலையில் உள்ளது’ என்ற பொருளில் செய்தி வந்தால் இதைச் சந்தேகியுங்கள்.

முன்பு ஒருமுறை நிரல் அரைகுறையாக நின்றிருந்தால் ‘லினக்ஸ்சிஎன்சி இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது, மீண்டும் தொடங்கவா’ என்று கேட்கும். உண்மையிலேயே வேறு சாளரத்தில் ஓடவில்லை என்று உறுதி செய்துகொண்டு ஆம் என்று சொல்லலாம்.

இனி தாமதம் பற்றி. துடிப்பு அனுப்ப வேண்டிய கணத்தில் கணினி பிந்துவதுதான் இது. உங்கள் கட்டமைப்பின் குறையல்ல, கணினியின் குணம். லேட்டன்சி டெஸ்ட் என்ற நிரலை ஓட்டவிட்டு, குறைந்தது கால் மணி நேரம் கணினியை வேண்டுமென்றே படுத்துங்கள். சாளரங்களை இழுங்கள், பெரிய கோப்புகளை நகலெடுங்கள், முப்பரிமாணப் படம் ஒன்றைச் சுழலவிடுங்கள். பிறகு அதிகபட்சத் தாமதத்தைப் பாருங்கள். அது நானோ விநாடியில் காட்டும். ஆயிரத்தால் வகுத்தால் மைக்ரோ விநாடி. 15–20 மைக்ரோ விநாடிக்குள் இருந்தால் மென்பொருளே துடிப்பு உருவாக்கும் முறைக்கு அருமையான கணினி. 30–50 என்றால் ஓட்டலாம், உச்ச வேகம் சற்றுக் குறையும். 100ஐத் தாண்டினால் மென்பொருள் துடிப்புக்கு அந்தக் கணினியை நம்ப வேண்டாம். துடிப்பை உருவாக்கும் தனிப் பலகை ஒன்றைச் சேர்த்தால் அதே கணினியைப் பயன்படுத்த முடியும். ஆனால் 1,000 மைக்ரோ விநாடிக்கு மேல் போகிறது என்றால் இந்த வேலைக்கே அது ஆகாது.

கைவிடுவதற்கு முன் பயாஸ் அமைப்பில் மின்சேமிப்பு வசதிகளையும் ஹைப்பர் திரெடிங்கையும் அணைத்துவிட்டு மறுபடி அளந்து பாருங்கள். ஒரு மாற்றம் செய்து ஒருமுறை அளக்க வேண்டும். எல்லாவற்றையும் ஒன்றாக மாற்றிவிட்டால் பலன் தந்தது எது என்று தெரியாமல் போகும். தாமதச் செய்தி ஓர் அமர்வுக்கு ஒருமுறை மட்டுமே காட்டப்படும் என்பதையும் நினைவில் வையுங்கள். மீண்டும் வரவில்லை என்பதற்காகத் தாமதம் நின்றுவிட்டது என்று பொருளில்லை.

ஒரு துணைச் செய்தி: பழைய கையேடுகளில் ஈஎம்சி, ஈஎம்சி-2 என்ற பெயர்களைப் பார்த்தால் வேறு மென்பொருள் என்று ஒதுக்க வேண்டாம். அமெரிக்க அரசின் தர நிர்ணய, தொழில்நுட்ப நிறுவனத்தில் 1990களில் பிறந்த அதே மென்பொருள்தான் 2011இல் லினக்ஸ்சிஎன்சி என்று பெயர் மாற்றிக்கொண்டது. அந்தக் கையேடுகளில் உள்ள ஹால் விளக்கங்களில் பெரும்பகுதி இன்றும் செல்லும்.

கேள்வி: கிர்பிள் என்ற கட்டுப்பாட்டு நிரல் ஓடும் பலகை கொண்ட சிறிய மேசை மில்லிங் மெஷின் வைத்திருக்கிறேன். சில நாள் போர்ட்டே தெரிவதில்லை. தெரிந்து இணைந்தாலும், எந்தக் கட்டளை கொடுத்தாலும் ‘பிழை 9’ என்கிறது.

பதில்: பிழை 9 என்றால் பலகை அலார நிலையில் பூட்டப்பட்டிருக்கிறது, அதனால் ஜி-கோடு (இயந்திரத்தை நகர்த்தும் கட்டளை) எதையும் ஏற்கவில்லை என்று பொருள். அச்சுகளைத் தொடக்க இடத்துக்குக் கொண்டுபோகும் ஹோமிங் வசதியை இயக்கி வைத்திருந்தால், அதாவது 22ஆம் அமைப்பில் 1 என்றிருந்தால், கிர்பிள் ஒவ்வொரு முறையும் பூட்டிக்கொண்டுதான் எழும். தான் எங்கே நிற்கிறோம் என்று அதற்குத் தெரியாது என்பதை நேர்மையாக ஒப்புக்கொள்கிறது. மோட்டார் மின்சாரத்தைக் கொடுத்து, வழியில் எதுவும் இல்லை என்று பார்த்துக்கொண்டு ஹோமிங் கட்டளையைக் கொடுங்கள். அது டாலர் குறியும் ஹெச் எழுத்தும். டாலர் குறியும் எக்ஸ் எழுத்தும் கொடுத்தால் பூட்டு மட்டும் திறக்கும், இடம் தெரியாத நிலை அப்படியே இருக்கும். லிமிட் சுவிட்சின் மேல் ஏறி நிற்கும் மேசையை மெல்ல விலக்குவதற்கு மட்டுமே இரண்டாவதைப் பயன்படுத்துங்கள்.

போர்ட் தெரியாததற்கு முதலில் கேபிளை மாற்றுங்கள். கைப்பேசிக்கு மின்னேற்ற மட்டுமே உதவும் யுஎஸ்பி கேபிள்களில் தரவு வயரே இருக்காது. பலகையின் விளக்கு எரியும், கணினிக்கு ஒன்றும் தெரியாது. விலை குறைந்த பல பலகைகளில் சிஹெச்340 என்ற சிப் இருக்கும், அதற்கான டிரைவரை நிறுவ வேண்டியிருக்கலாம். வேறு யுஎஸ்பி துளையில் செருகினால் விண்டோஸ் வேறு காம் எண்ணை (போர்ட் எண்ணை) கொடுத்துவிடும். மென்பொருளோ பழைய எண்ணிலேயே காத்திருக்கும். போர்ட் தெரிந்தும் திறக்க மறுத்தால், மற்றொரு நிரல் அதைப் பிடித்திருக்கும். ஒரு போர்ட்டை ஒரு நேரத்தில் ஒரு நிரல்தான் திறக்க முடியும். திறந்தும் திரையில் குப்பை எழுத்துகள் வந்தால் தரவு வேகம் 115200 என்று இருக்கிறதா எனப் பாருங்கள்.

ஆர்டுயினோ ஊனோ வகைப் பலகைகளில் போர்ட்டைத் திறக்கும் செயலே பலகையை மறுதொடக்கம் செய்துவிடும். வேலையின் நடுவே மென்பொருளை மூடித் திறந்தால் இடக்கணக்கு போய்விடுவது அதனால்தான்.

கேள்வி: எங்கள் பெரிய மில்லிங் மெஷின் ஆறு மாதம் மின்சாரம் இல்லாமல் நின்றிருந்தது. இப்போது இயக்கினால் பேட்டரி எச்சரிக்கையோடு பல அலாரங்கள் வருகின்றன. இயக்கும்போது இரண்டு விசைகளைச் சேர்த்து அழுத்தினால் சரியாகிவிடும் என்று ஒருவர் சொல்கிறார்.

பதில்: அவரைத் தடுத்து நிறுத்துங்கள். ஃபானுக் நிறுவனத்தின் பல கட்டுப்பாட்டு மாதிரிகளில் பி, கேன் விசைகளை அழுத்திக்கொண்டு இயக்கினால் மென்பொருள் எல்லைச் சோதனை அந்த ஒருமுறை தவிர்க்கப்படும். ரீசெட், டெலீட் விசைகளை அழுத்திக்கொண்டு இயக்கினால் நினைவகமே துடைக்கப்படும். காதால் கேட்டு இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டவர்கள் உண்டு.

இத்தகைய கட்டுப்பாடுகளில் பேரமீட்டர்கள், அதாவது இயந்திர அமைப்பு எண்கள், மின்கலத்தின் துணையோடு நினைவகத்தில் காக்கப்படுகின்றன. இயந்திரம் ஓடும்போது பேட்டரிக்கு வேலையில்லை. அணைந்திருக்கும்போதுதான் அது தேய்கிறது. ஆறு மாத ஓய்வு இயந்திரத்துக்கு ஓய்வாக இருந்தாலும் பேட்டரிக்கு ஆறு மாத இரவுப்பணி. இப்போது திரை வருகிறது, பேரமீட்டர் பக்கத்தில் எண்கள் இன்னும் இருக்கின்றன என்றால் நீங்கள் தப்பித்துவிட்டீர்கள். இயந்திரத்தை அணைக்காதீர்கள். முதலில் பேரமீட்டர், லேடர் (சுவிட்சுகளையும் ரிலேக்களையும் இயக்கும் தர்க்க நிரல்), நிரல்கள் அனைத்தையும் மெமரி கார்டில் எடுத்துவிடுங்கள். பிறகு, கட்டுப்பாடு இயங்கிக்கொண்டிருக்கும்போதே, கையேட்டில் குறிப்பிட்ட அதே வகைப் பேட்டரியை மாற்றச் சொல்லுங்கள். மின்சாரம் உள்ள பெட்டியைத் திறந்து செய்யும் வேலை என்பதால் பழகிய மின்பணியாளர்தான் செய்ய வேண்டும். அணைத்துவிட்டுப் பேட்டரியைக் கழற்றுவது, எரிந்துகொண்டிருக்கும் கடைசி விளக்கையும் ஊதிவிடுவதற்குச் சமம்.

அச்சு நிற்கும் இடத்தை மறக்காமல் வைத்திருக்கும் அப்சொல்யூட் என்கோடர்களுக்குப் பெரும்பாலும் தனிப் பேட்டரி உண்டு. அதுவும் தீர்ந்திருந்தால் ஒவ்வோர் அச்சுக்கும் மூல இடத்தைப் புதிதாகக் கற்பிக்கச் சொல்லி அலாரம் வரும். ஃபானுக்கில் அதன் எண் 300. பேட்டரியை மாற்றுவதால் மட்டும் அது போகாது. இயந்திர உற்பத்தியாளர் சொன்ன முறைப்படி மூல இடத்தை அமைக்க வேண்டும், இல்லையேல் கருவி மாற்றும் கை தவறான உயரத்தில் வந்து ஸ்பிண்டிலை இடிக்கும்.

எண்கள் எல்லாம் போயிருந்தால், உதாரணமாகச் சீமென்ஸ் கட்டுப்பாட்டில் ‘நிலையான இயந்திரத் தரவு ஏற்றப்பட்டது’ என்ற 4060ஆம் அலாரம் வந்திருந்தால், பேக்கப் ஒன்றே வழி. கன்ட்ரோல் பெட்டிக்குள் இயந்திரத்தோடு வந்த பேரமீட்டர் தாளோ குறுவட்டோ இருக்கிறதா என்று தேடுங்கள். பல நிறுவனங்கள் அதை அங்கேயே ஓர் உறையில் வைத்து அனுப்புகின்றன. பல ஆண்டுகளாக யாரும் அதைத் தொட்டிருக்க மாட்டார்கள்.

கேள்வி: கணினியை இயக்கும்போது, மென்பொருள் திறப்பதற்கு முன்பே ஸ்பிண்டில் ஒரு கணம் சுற்றி நிற்கிறது. மென்பொருளில் பிழையா?

பதில்: மென்பொருள் அப்போது பிறக்கவே இல்லை, அதன்மேல் பழி போட முடியாது. கணினி எழும்போது பயாஸும் இயங்குதளமும் பேரலல் போர்ட்டில் என்ன இணைந்திருக்கிறது என்று தட்டிப் பார்க்கின்றன. அந்தத் தட்டல் உங்கள் ஸ்பிண்டிலை இயக்கி அணைக்கும் ரிலேவுக்குக் கட்டளையாகப் போய்விடுகிறது.

நிலையான தீர்வு சார்ஜ் பம்ப் எனப்படும் ஏற்பாடு. மாக்-3 தான் நலமாக ஓடிக்கொண்டிருக்கும் வரை ஓர் ஊசியில் 12.5 கிலோஹெர்ட்ஸ் துடிப்பை இடைவிடாமல் அனுப்பும். அந்தத் துடிப்பைக் கேட்டால் மட்டுமே பிரேக்அவுட் போர்டு தன் வெளியீடுகளைத் திறக்கும். கணினி எழும்போதும் மென்பொருள் உறைந்துபோகும்போதும் துடிப்பு இராது, ரிலேவும் அசையாது. உங்கள் போர்டில் இந்த வசதி இருந்தும் அதை இயக்கும் ஜம்பர் என்ற சிறு இணைப்பைப் போடாமல் விடப்பட்டிருக்கலாம்.

அது வரும் வரை வரிசையைக் கடைப்பிடியுங்கள். கணினி, பிறகு மென்பொருள், திரையில் எல்லாம் சரியாக இருப்பதைப் பார்த்தபின் மோட்டாருக்கும் ஸ்பிண்டிலுக்கும் மின்சாரம், கடைசியாக ரீசெட். நிறுத்தும்போது ஸ்பிண்டில், மோட்டார் மின்சாரம், மென்பொருள், கணினி. ரிலேவைச் சோதித்துப் பார்க்கும் நாளில் வெட்டும் கருவியைப் பிடிக்கும் கோலெட்டில் கட்டரை விட்டுவைக்காதீர்கள். கோலெட்டையும் நட்டையும் சேர்த்தே கழற்றி வைத்துவிடுங்கள், ஏனெனில் இறுக்காத நட்டு அந்த ஒரு கணச் சுழற்சியிலேயே தளர்ந்து பறந்துவிடும்.